முள் அசையாத இடம்

எலக்ட்ரீசியன்களுக்கு நடுவே அவளுக்கு முள்ளக்கா என்று பெயர். எண் காட்டும் மீட்டர்களைப் பழுது பார்க்க எடுத்துக்கொள்ள மாட்டாள். முள் வைத்த பழைய மீட்டர்கள் மட்டும்தான். அதனால் வந்த பெயர். "பேச்சும் குத்தும், அதனாலயும்தான்" என்பான் அவளுடைய தம்பி. எலக்ட்ரீசியனான அவனுக்குப் பட்டப்பெயர் ஃபியூஸ். கோபம் வந்தால் ஒரு நொடியில் எரிந்துவிடுவான்; பிறகு நாள் முழுக்க வாய் திறக்க மாட்டான்.

அன்று திங்கட்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். வீட்டின் முன்னறைதான் அவளுடைய பட்டறை. ஜன்னலை ஒட்டி நீளமான மேசை, அதன்மேல் பழைய ரப்பர் விரிப்பு, இரண்டு விளக்குகள், சால்டரிங் புகையை வெளியே தள்ள ஒரு குட்டி மின்விசிறி. மேசைக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு கல்லூரி ஆய்வகக் காப்பாளர் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம்தான் இருந்தது. மூடியைக் கழற்றி வைத்த அவருடைய மீட்டர் குடலைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. உப்பிப்போன கண்டென்சர்களை எடுத்துவிட்டுப் புதியவை போட்டாயிற்று. மாறுமின்சாரத்தை ஒரே பக்கமாக ஓடவைக்கும் சின்னக் கண்ணாடி டையோடுகள் நான்கும் செத்துப்போயிருந்தன. அவை ஜெர்மானியம் என்ற தனிமத்தால் செய்தவை. இப்போது யாரும் செய்வதில்லை. அந்த இடத்தில், ரிப்பனில் வரிசையாக ஒட்டி வரும் சிலிக்கான் டையோடுகள் நான்கை வைத்து ஈயத்தை உருக்கி ஒட்டினாள். நாற்பது மில்லி ஆம்பியர் அனுப்பினாள். முள் சரியாக நாற்பதில் போய் நின்றது.

"அழகா நிக்குது பாருங்க" என்றாள்.

"மேல நிக்குறது எனக்கு முக்கியமில்லம்மா" என்றார் அவர். "என் பசங்க செய்யிற சோதனை எல்லாம் அஞ்சு, பத்துலதான். கீழ வந்து பாருங்க."

கீழே யாரும் பார்க்கச் சொன்னதில்லை. அவள் குமிழை மெல்லத் திருப்பினாள். முப்பதில் முள் முப்பதுக்குச் சற்றுக் கீழே நின்றது. இருபதில் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. பதினைந்தைத் தாண்டியதும் முள் சரிந்து, பூஜ்யத்தின்மேல் படுத்துக்கொண்டது.

கண்ணாடியைச் சுண்டினாள். அசைவில்லை. பன்னிரண்டு ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் இருந்த அவளுடைய மேசை மீட்டர் பன்னிரண்டு என்றே காட்டியது. முள் மட்டும் பூஜ்யம் என்றது.

"தூங்குதா?" என்று எட்டிப் பார்த்துச் சிரித்தார் காப்பாளர்.

அவள் சிரிக்கவில்லை. காரணம் அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. பழைய டையோடு லேசாகத் தட்டினாலே திறக்கிற கதவு. புதியது நன்றாகத் தள்ளினால்தான் திறக்கும். சிறிய மின்சாரத்துக்கு அந்தத் தள்ளும் பலம் இல்லை. அது வாசலிலேயே நின்றுவிடுகிறது, முள்ளுக்குச் செய்தி போவதில்லை. படிக்கிற காலத்தில் தெரிந்துகொண்ட சங்கதிதான். ஆனால் மேலே முள் சரியாக நின்றதும் அவள் கீழே பார்க்க மறந்திருந்தாள்.

மறந்தது இன்று மட்டும் இல்லை.

பத்து நாளைக்கு முன்னால் தம்பியின் கசிவு மீட்டரை இதே மேசையில் வைத்து, இதே ரிப்பனிலிருந்து நான்கு டையோடுகளைக் கத்தரித்துப் போட்டிருந்தாள். தோல் வார் போட்ட சாம்பல் நிறப் பெட்டி அது. மோட்டாரின் உடலுக்கும் மண்ணில் அடித்த கம்பிக்கும் நடுவில் இணைத்தால், மோட்டாரிலிருந்து எவ்வளவு மின்சாரம் கசிகிறது என்று சொல்லும். புது மீட்டர்களை அவன் நம்ப மாட்டான். "அதுல நம்பர் ஆடிக்கிட்டே இருக்கும்க்கா. முள்ளுன்னா ஒரே பேச்சு" என்பான். அன்று நாற்பதில் முள் நின்றதைக் காட்டிக் கொடுத்தனுப்பினாள். அவன் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான்.

இன்று காலை வாசலில் வண்டியை நிறுத்தி, "மீன் பண்ணைக்குப் போறேன்க்கா, மாசாந்திர செக்கிங்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தான்.

மீன் குஞ்சுப் பண்ணையை அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள். தகரக் கூரைக்குக் கீழே இடுப்பளவு ஆழத்தில் பன்னிரண்டு சிமெண்ட் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் தண்ணீரில் காற்றைக் கலக்க, உள்ளேயே ஓடுகிற ஒரு மோட்டார். தம்பி ஒவ்வொரு தொட்டியாகச் சோதித்துத் தலையாட்டிய பிறகு பெண்கள் உள்ளே இறங்கி, குஞ்சுகளைப் பெரிது சிறிது என்று வலையால் பிரிப்பார்கள். அவன் தலையாட்டுவது முள்ளைப் பார்த்து.

தம்பிக்குப் போன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தாள். தண்ணீர்ப் பக்கம் போகும்போது அவன் போனை வண்டிப் பெட்டிக்குள் வைத்துவிடுவான். அது தெரிந்தும் மூன்றாவது முறை செய்தாள். பிறகு சுவரில் ஆணியில் குத்தி வைத்திருந்த காகிதங்களைப் புரட்டி, பண்ணையின் எண்ணைக் கண்டுபிடித்தாள். விரல் இரண்டு தடவை தப்பான எண்ணில் பட்டது.

பண்ணை மேலாளர் எடுத்தார்.

"சார், நான் ஃபியூஸோட அக்கா பேசுறேன். மெயினை உடனே ஆஃப் பண்ணுங்க. யாரையும் தண்ணில இறங்க விடாதீங்க."

"யாரும்மா நீங்க?"

"உங்க எலக்ட்ரீசியனோட அக்கா. அவன் கையில இருக்கிற மீட்டர் தப்பு சார். கரண்ட் கசிஞ்சாலும் காட்டாது."

"அவரு இப்பதானே பார்த்தாரு, முதல் தொட்டிங்க ஓகேன்னாரு. ஆளுங்க இறங்கிட்டாங்க."

"சார், மெயினை..."

"மெயினை ஆஃப் பண்ணா காத்து நின்னுரும்மா. அரை மணி நேரத்துல அத்தனை குஞ்சும் மிதக்கும். யாரு பொறுப்பு, நீங்களா? அவரையே பேசச் சொல்றேன், வைங்க."

வைத்துவிட்டார். பிறகு எடுக்கவே இல்லை.

அவள் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். ஆய்வகக் காப்பாளர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மூடியில்லாத தன் மீட்டரைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

"வெளிய வண்டி நிக்குது" என்றார். "வாங்கம்மா."

மேசை மீட்டரையும் இரண்டு நீள வயர்களையும் பையில் திணித்துக்கொண்டு அவருடைய காரில் ஏறினாள். நல்ல மனிதர், ஆனால் மாட்டுவண்டி போல ஓட்டினார். ஒவ்வொரு திருப்பத்திலும் கையை வெளியே நீட்டிக் காட்டினார். சிவப்பு விளக்கு எரிவதற்கு முன்பே நின்றார்.

"சார், கொஞ்சம் வேகமா..."

"வேகமாத்தாம்மா போறேன். நாப்பதைத் தொட்டுட்டேன்."

நாற்பது என்ற சொல்லே அவளுக்கு நெஞ்சில் குத்தியது. மீட்டர் பதினைந்து வரைக்கும் குருடு. பத்தைத் தாண்டினாலே போதும், பிடித்த கை பிடித்தபடியே இறுகிவிடும். விடவேண்டும் என்று நினைத்தாலும் விடாது. தண்ணீருக்குள் நிற்கிற ஆளுக்குக் கை இறுகினால் அடுத்து என்ன ஆகும் என்று யோசிக்காமலிருக்க, கடைப் பலகைகளை வாய்க்குள் படித்துக்கொண்டே போனாள். எதுவும் மனதில் ஏறவில்லை. பண்ணையில் ஒரு தானியங்கிச் சுவிட்ச் உண்டு, கசிவு அதிகமானால் தானே விழுந்துவிடும். ஆனால் அது முப்பதில்தான் விழும். பத்துக்கும் முப்பதுக்கும் நடுவில் மனிதனைக் காப்பாற்ற இருந்தது அந்தச் சாம்பல் பெட்டி ஒன்றுதான். அதன் கண்ணைத் தன் கையாலேயே கட்டி அனுப்பியிருக்கிறாள்.

பண்ணை வாசலில் கார் நிற்பதற்குள் இறங்கி ஓடினாள்.

கொட்டகைக்குள் காது அடைத்தது. பன்னிரண்டு தொட்டிகளிலும் தண்ணீர் கொதிப்பதுபோல் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. தகரக் கூரை அந்தச் சத்தத்தை இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தது. தம்பி தொலைவில் ஒன்பதாவது தொட்டி அருகே முதுகைக் காட்டிக் குனிந்திருந்தான். ஆறாவது தொட்டியில் மூன்று பெண்கள் தொடை வரை தண்ணீரில் நின்றார்கள். இருவர் வலை விரித்துப் பிடித்திருந்தார்கள். மீன் குஞ்சுகள் தொட்டி முழுக்கப் பரவியிருக்கவில்லை. மோட்டாருக்கு எதிர் மூலையில், ஒன்றன்மேல் ஒன்று ஏறாத குறையாகக் கறுப்பாய் அடைந்து கிடந்தன.

மூன்றாவது பெண்ணின் விரலில் ஈரத்துணி சுற்றியிருந்தது. வெட்டுக்காயம் போலிருக்கிறது. அவள் கையை உதறிக்கொண்டு, முகத்தைச் சுளித்தபடி ஏணிப் பக்கம் நடந்துவந்தாள். இரும்பு ஏணி. அதன் கால் தொட்டிக்கு வெளியே தரையில் ஆழமாகப் புதைந்திருந்தது. தண்ணீரில் மின்சாரம் இருந்தால், ஏணியைத் தொடுகிற கைதான் அது மண்ணுக்குப் போகிற பாதை.

"ஏணியைத் தொடாதே!" என்று கத்தினாள் முள்ளக்கா.

அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அந்தப் பெண் தலை குனிந்து தண்ணீரைப் பார்த்தபடியே வந்தாள். இன்னும் நான்கடி. முள்ளக்கா கையை உயர்த்தி ஆட்டினாள், யாரும் பார்க்கவில்லை. மூன்றடி. முள்ளக்கா காலில் கிடந்த செருப்பைக் கழற்றி வீசினாள். அது அந்தப் பெண்ணின் நெஞ்சுக்கு நேரே தண்ணீரில் சளாரென்று விழுந்தது.

பெண் திடுக்கிட்டு நின்றாள். முகத்தில் தெறித்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். வாய் அசைந்ததைப் பார்த்தால் நல்ல வார்த்தை சொன்னதாகத் தெரியவில்லை. முள்ளக்கா இரண்டு உள்ளங்கைகளையும் முன்னால் நீட்டி, நில், நில் என்று காட்டினாள். ஏணியைக் காட்டித் தலையைப் பலமாக ஆட்டினாள். அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, நீட்டிய கையை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

அதற்குள் தம்பி ஓடிவந்துவிட்டான். முகம் சிவந்திருந்தது.

"அக்கா! உனக்கென்ன பைத்தியமா? என் வேலை செய்யிற இடத்துல வந்து செருப்பைத் தூக்கி எறியிற?"

"மெயினை ஆஃப் பண்ணுடா."

"எதுக்கு? ஆறாம் தொட்டியை இப்பதான் பார்த்தேன். பூஜ்யம். சுத்தமான பூஜ்யம்."

"அந்தப் பூஜ்யம் நான் போட்டதுடா!" அவள் குரல் உடைந்தது. "கீழே நான் செக் பண்ணவே இல்ல. பதினஞ்சு ஓடினாலும் உன் முள்ளு எந்திரிக்காது."

அவன் அவளையே பார்த்தான். எத்தனையோ சண்டைகளில் அவள் முகத்தைப் பார்த்திருக்கிறான். இப்படி வெளிறிப் பார்த்ததில்லை. வேறு எதுவும் கேட்கவில்லை. திரும்பி, மெயின் பலகையை நோக்கி ஓடினான். மேலாளர் கையை விரித்துக்கொண்டு குறுக்கே வந்தார். தம்பி அவரைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, சிவப்புக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான்.

சத்தம் நின்றது. கொட்டகை முழுக்க, தண்ணீர் தொட்டிச் சுவரில் மோதுகிற சின்ன ஒலி மட்டும் மிஞ்சியது.

"இப்ப ஏறுங்கம்மா" என்றாள் முள்ளக்கா.

மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். துணி சுற்றிய பெண் கடைசியாக ஏறி, செருப்பை எடுத்துவந்து கையில் கொடுத்தாள்.

"விரல்ல ஊசி குத்துற மாதிரியே இருந்துச்சுக்கா. உப்புத்தண்ணி காயத்துல பட்டு எரியுதுன்னு நெனச்சேன்."

ஆறாவது தொட்டி மோட்டாரில், கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் எர்த்துக் கம்பியைத் தம்பி இழுத்துப் பார்த்தான். இணைப்பில் பச்சைப் பொடியாக அரித்துப்போயிருந்த கம்பி கையோடு வந்துவிட்டது. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி, அந்த ஒரு மோட்டாருக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தான். அக்காவின் மேசை மீட்டரை நடுவில் வைத்தான். பதினொன்று. பக்கத்திலேயே தோல் வார் போட்ட பெட்டியையும் இணைத்துப் பார்த்தான். முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது.

அவன் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பக்கத்திலிருந்த வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"நான் ஏணியைப் பிடிச்சிருந்தா என்னக்கா ஆகியிருக்கும்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

முள்ளக்காவுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "கை ஒட்டியிருக்கும்."

பெண் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சுவரோரம் போய் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

உட்கார்ந்திருக்க நேரமில்லை. காற்று நின்ற தொட்டிகளில் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்கியிருந்தன. அக்காவும் தம்பியும் மேசை மீட்டரால் ஒவ்வொரு மோட்டாரையும் சோதித்துக்கொண்டு தொட்டி தொட்டியாக ஓடினார்கள். பெண்கள் வெளியே நின்றபடியே குடத்தால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினார்கள், கொஞ்சமாவது காற்று கலக்கட்டும் என்று. ஆய்வகக் காப்பாளர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பத்தாவது தொட்டியில் ஊற்றினார். சற்று நேரம் திட்டிக்கொண்டே நின்ற மேலாளரும் கடைசியில் ஒரு குடத்தை எடுத்தார். நல்ல மோட்டார்கள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. பதினொன்று ஓடின. ஆறாம் தொட்டிக் குஞ்சுகளை ஏழாவதில் விட்டார்கள். ஒரு வாளி அளவு செத்துப்போயிருந்தது.

"அடுத்த மாசம் நீ வர வேணாம்ப்பா" என்றார் மேலாளர், ஈரக் கால்சட்டையைப் பிழிந்துகொண்டே.

தம்பி தன் சாம்பல் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

வெளியே வந்ததும் அவன் வண்டிப் பெட்டியைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தான். தேதி போட்டு, போன இடங்களை எழுதிவைக்கிற பழக்கம் அவனுக்கு உண்டு. பத்து நாளில் ஏழு இடங்கள். துணி வெளுக்கும் கடை, ரொட்டிக் கடையில் மாவு பிசையும் இயந்திரம், ஒரு பள்ளிக்கூடத்துக் குடிநீர்ப் பெட்டி, இரண்டு வீடுகளின் தண்ணீர் மோட்டார், இன்னும் இரண்டு. ஏழிலும் அவன் கையெழுத்தில் ஒரே சொல்: பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

ஓய்ந்துவிட்டதாக நினைத்த பயம் அவளுக்குத் திரும்ப மேலே ஏறியது. ஏழு இடங்கள். எங்கே, யார் கை, எந்தக் கணத்தில் எதைத் தொடுகிறதோ.

"பள்ளிக்கூடம் முதல்ல" என்றாள்.

தம்பி நோட்டை மூடினான். அவள் பக்கம் திரும்பாமலே, "நீ வர வேணாம். மீட்டரைக் கொடு, நானே போறேன்" என்றான்.

"நானும் வர்றேன்டா."

"எதுக்கு? இன்னொரு தடவை மேல மட்டும் பார்த்துட்டு ஓகேன்னு சொல்லவா?"

அவளுக்கு அது நியாயமாகவே பட்டது. அதனால்தான் அதிகமாக வலித்தது. ஆய்வகக் காப்பாளர் தொண்டையைச் செருமினார்.

"சண்டையை வண்டியில ஏறிப் போட்டுக்கலாமே. நான் மெதுவாத்தான் ஓட்டுவேன், நேரம் நிறைய இருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் இருவரும் ஏறினார்கள், அவள் முன்னே, அவன் பின்னே.

போகிற வழியிலேயே பள்ளிக்குப் போன் செய்து, குடிநீர்ப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கச் சொன்னான் தம்பி. எடுத்த டீச்சர் கேள்வி கேட்காமல் பிடுங்கினார். போய்ப் பார்த்தபோது கசிவு நான்கு இருந்தது. நான்கு யாரையும் கொல்லாது. ஆனால் அடுத்த மாதமும் நான்காகவே இருக்கும் என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்? தம்பி அங்கேயே உட்கார்ந்து வயரை மாற்றினான். அக்கா டார்ச் பிடித்தாள். துணி வெளுக்கும் கடையில் உண்மையான பூஜ்யம். அவள் நம்பாமல் மூன்று முறை பார்த்தாள், கடைக்காரர், "என்னம்மா, என் மெஷின் மேல என்ன கோபம்?" என்றார். ரொட்டிக் கடையிலும் ஒன்றுமில்லை. பொழுது சாய்வதற்குள் நான்கு இடங்கள், மறுநாள் காலை மூன்று. ஒரு வீட்டில் ஆளில்லை. பக்கத்து வீட்டில் விசாரித்து, அவர்கள் வேலை செய்கிற இடத்துக்கே போய்ச் சாவி வாங்கிவந்து பார்த்தார்கள். கடைசி இடத்திலும் கசிவில்லை என்று தெரிந்தபோது அவள் அந்த வீட்டுப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். வீட்டுக்காரம்மாள் என்ன ஏதென்று தெரியாமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த வாரம் முழுக்கத் தம்பி வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை. பழைய கணக்குப் புத்தகம்போல் மனதைப் புரட்டிக்கொண்டே இருந்தாள்: இதற்கு முன் எந்தெந்த மீட்டருக்குச் சிலிக்கான் போட்டோம்? ஞாபகம் வந்த ஒவ்வொருவருக்கும் போன் செய்து, பெட்டியைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னாள். ஐந்து பேர் கொண்டுவந்தார்கள். "நல்லாத்தானே வேலை செய்யுது" என்று ஒருவர் முணுமுணுத்தார். அவரை மேசைக்கு அருகே உட்காரவைத்து, குமிழைத் திருப்பிக் கீழே காட்டினாள். அவர் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

புதியவற்றிலேயே வேறொரு வகை டையோடு இருந்தது. பழைய ஜெர்மானியம்போல லேசான தட்டலுக்கே திறப்பது. தேடி வரவழைத்தாள். முதலில் ஆய்வகக் காப்பாளரின் மீட்டரில் போட்டு, ஒன்றிலிருந்து தொடங்கி ஐம்பது வரை ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தாள். மூன்றிலேயே முள் எழுந்துவிட்டது. அதற்குக் கீழே சற்றுத் தயங்கியது. அதை ஒரு காகிதத்தில் எழுதி, மீட்டரின் மூடிக்குள் ஒட்டினாள்.

அடுத்த வாரம் சனிக்கிழமை தம்பி வந்தான். தோளில் சாம்பல் பெட்டி. மேசைமேல் வைத்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியை அருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். முன்பெல்லாம் பெட்டியை வைத்துவிட்டு, "சாயங்காலம் வர்றேன்க்கா" என்று ஓடிவிடுவான்.

அவள் வேலையைத் தொடங்கினாள். பழைய நான்கையும் எடுத்து, புதிய நான்கையும் வைத்தாள். ஒரு ஈயப் பொட்டை இரண்டு தடவை வைக்க வேண்டியிருந்தது. அவன் அதையும் பார்த்துக்கொண்டிருந்தான். முடித்ததும் குமிழைப் பிடித்தாள்.

"கீழேர்ந்து வா" என்றான்.

அவள் கீழே இருந்து வந்தாள். ஒன்று, இரண்டு. முள் துடித்தது. மூன்றில் எழுந்தது. நான்கு, ஐந்து. ஒவ்வொன்றையும் அவள் வாய்விட்டுச் சொன்னாள். அவன் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தான். இருபதைத் தாண்டும்போது அவள் நிறுத்தி அவனைப் பார்த்தாள்.

"ஏன் நிறுத்திட்டே?"

"இனிமே எல்லாத்தையும் நீ பக்கத்துல உக்காந்தே பார்ப்பியா?"

"பார்ப்பேன்" என்றான். பிறகு குரல் தணிந்து, "எனக்கும் அன்னைலேர்ந்து தூக்கமில்லக்கா. அந்த எர்த்துக் கம்பியை இழுத்துப் பார்க்காம விட்டது நான்தானே. முள்ளு சொல்லுதேன்னு விட்டுட்டேன்" என்றான்.

அந்தக் கொட்டகையும், தண்ணீரில் நடந்துவந்த பெண்ணும் இருவர் கண்ணிலும் ஒரே நேரத்தில் வந்துபோனது தெரிந்தது. அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குமிழைத் திரும்பப் பிடித்தாள்.

"இருபத்தொண்ணு" என்றாள்.

அவன் எழுதினான்.